பச்சச் சட்டக்காரிக்கு வச்ச பேரு

எங்க பக்கத்துல பொறக்காத புள்ளைக்குப் பேரு வைக்க மாட்டாங்க. பேரு என்ன, ஒரு சட்ட வாங்க மாட்டாங்க, தொட்டிலப் பத்திப் பேச்செடுக்க மாட்டாங்க. வயித்துல இருக்கிறதப் பேரு சொல்லிக் கூப்பிட்டா கண்ணு பட்டுடும்னு பயம். நானும் அவரும் அந்தப் பேர வாயத் தொறந்து சொல்லவே இல்ல. கம்ப்யூட்டர்ல அடிச்சோம், அவ்ளோதான். இங்கயும் அத எழுத மாட்டேன். கேக்காதீங்க.

நான் கல்யாணமாகி வந்தது ரெண்டாயிரத்து ஆறுல. கடலூர் ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, மாடியில ஒரு வாடக வீடு. அவருக்குச் செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஷிஃப்டு வேல. மாமியா வீடு சிதம்பரம், எங்கம்மா வீடு குறிஞ்சிப்பாடி. அவரு கொண்டாந்த சொத்துன்னு பாத்தா ஒரு பழைய கம்ப்யூட்டர், கூட ஒரு கத்த சிடி. அதுல ஒண்ணு மேல மட்டும் மார்க்கர் பேனாவால "தொடாதே"ன்னு எழுதியிருந்துச்சு. தொடாதேன்னு எழுதி வச்சா நான் சும்மா விடுவேனா?

அது ஜப்பான்காரன் பண்ண கேம். துப்பாக்கி கெடையாது, கார் ஓட்டுறது கெடையாது. ஒருத்தன் ஊர விட்டுக் கெளம்புறான், போற வழியில ஒவ்வொருத்தரா அவன்கூட சேர்றாங்க, கடைசியில உலகத்தக் காப்பாத்தணும். அவரு காலேஜ் படிக்கிறப்பயே ஆரம்பிச்சு ஆரம்பிச்சு பாதியில விட்டவரு. காரணம் இங்கிலீஷ். அதுல ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு ஆளும் பக்கம் பக்கமாப் பேசுவான். எங்க போகணும், யாரப் பாக்கணும்னு அந்தப் பேச்சுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருப்பான், அதப் படிக்காம பட்டனத் தட்டித் தள்ளிவிட்டா அப்புறம் ஊரு ஊரா நாய் மாதிரி அலைய வேண்டியதுதான். நான் பி.எஸ்சி. படிச்சவ. நான் படிச்சுச் சொல்ல, அவரு ஆடுவாரு. ராஜா பேசுனா எங்க வார்டு கவுன்சிலர் மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுவேன், சூனியக்காரி பேசுனா ஹவுஸ் ஓனரம்மா மாதிரி. அவரு சிரிச்சுச் சிரிச்சு சண்டையில தோத்துடுவாரு.

புது ஆளு சேர்றப்ப ஒரு பெட்டி வரும், நாம பேரு அடிக்கலாம். ஹீரோவுக்கு அவரு பேர அடிக்கச் சொன்னாரு. புருஷன் பேர நான் சொன்னதும் இல்ல, எழுதுனதும் ரேஷன் கார்டு மனுவோட சரி. அதனால நான் அவரக் கூப்பிடுற மாதிரியே "மாமா"ன்னு அடிச்சிட்டேன். அப்புறம் பாக்கணுமே கூத்த. மாமா வெட்டுறாரு, மாமா தப்பிக்கிறாரு, மாமாவ ஒரு தவள முழுங்கிடுச்சு.

நல்ல கேம்தான், ஒத்துக்கிறேன். நம்ம முறை வர்ற வரைக்கும் எப்பேர்ப்பட்ட ராட்சசனும் கையக் கட்டிக்கிட்டு நிப்பான், நாம நிதானமா யோசிக்கலாம். அடுப்புல பால வச்சிட்டு வந்து கூட ஆடலாம். ஒவ்வொரு சண்டைக்கும் ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா வளர்றது கண்ணுல தெரியும். நாம பட்ட கஷ்டம் வீண் போகாதுன்னு ஒரு எடத்துலயாவது எழுதிக் காட்டுறானேன்னு இருக்கும்.

ஆனா அதப் பண்ணவன் மட்டும் என் கையில கெடச்சான்னா கன்னத்துலயே ரெண்டு விடுவேன். நாலடி எடுத்து வைக்க விட மாட்டான், எங்கிருந்தோ ஒரு வவ்வால் வந்து குதிக்கும். அத அடிச்சுத் தொரத்தி நாலடி வச்சா மறுபடியும் அதே வவ்வால். அத விடக் கொடும சேவ் பண்றது, அதாவது ஆடுன வரைக்கும் பதிஞ்சு வைக்கிறது. நெனச்ச எடத்துல பண்ண முடியாது. குகைக்குள்ள எங்கயோ ஒரு மூலையில வெளிச்சமா ஒரு வட்டம் இருக்கும், அது மேல போய் நின்னாதான் உண்டு. ஜப்பான்ல கரண்டு போகாது போல. எங்க ஓ.டி.யில அப்ப எப்ப வரும், எப்ப போகும்னு ஈ.பி.காரனுக்கே தெரியாது. அந்த வட்டம் கண்ணுக்குத் தெரியும், ஓடுவேன், ஃபேன் நின்னுடும். அரை நாள் பொழப்பு போச்சு. தெருவுல எல்லார் வீட்டுலயும் பெருமூச்சு விடுவாங்க, நான் மட்டும் கத்துவேன். கீழ் வீட்டம்மா "இன்னிக்கு எந்தப் பேயி உன்ன அடிச்சிது?"ன்னு கேட்டுச் சிரிப்பாங்க.

ரெண்டாயிரத்து எட்டுல முழுகாம இருந்தேன். அஞ்சாம் மாசம் டாக்டரம்மா ஸ்கேன் பாத்துட்டு, நஞ்சுக்கொடி கீழ இருக்கு, எழுந்து நடமாடக் கூடாது, படுத்தேதான் இருக்கணும்னுட்டாங்க. எங்கம்மா வந்து சமைச்சுப் போட்டாங்க. அவரு மேஜையில இருந்த கம்ப்யூட்டர எறக்கித் தரையில என் பாய்க்குப் பக்கத்துல வச்சாரு. நான் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே ஆடுனேன். அவரு ஷிஃப்டுக்குப் போனப்புறம் பொழுதுக்கும் நான்தான்.

ஒரு நாள் ஹீரோவுக்கு விஷம் ஏறி விழுந்துட்டான், எழுப்புற மருந்து எங்க விக்குதுன்னு தெரியல. அவரு செல்லுக்கு அடிச்சேன். கூட வேல பாக்குற தம்பி எடுத்துச்சு. நான் இருந்த அவசரத்துல, "மாமா செத்துட்டாரு, எப்படி எழுப்புறதுன்னு கேட்டுச் சொல்லுப்பா"ன்னேன். அந்தப் புள்ள என்னாத்தப் புரிஞ்சுக்கும்? எங்கப்பாவ அவரு மாமான்னுதான் கூப்பிடுவாரு. எங்கப்பா போயிட்டாருன்னும் துக்கத்துல எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னும் நெனச்சு, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி அவர அனுப்பி வச்சிடுச்சு. சைக்கிள்ல வேர்க்க விறுவிறுக்க வந்து நிக்கிறாரு, எங்கம்மா கையில கரண்டியோட கதவத் தொறக்குறாங்க. "மாமா எப்ப அத்த, எப்படி?"ன்னு அழுறாரு. எங்கப்பா குறிஞ்சிப்பாடியில குத்துக்கல்லாட்டம் உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தாரு. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன், சிரிக்கக் கூடாதுன்னு எங்கம்மா திட்டுனாங்க. உள்ள இருக்கிறதும் ஒரு ஒத விட்டுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்தச் சின்னப் பொண்ணு வந்தா. கேம்ல ஒரு மல ஊர்ல, பச்சச் சட்ட போட்டுக்கிட்டு, அவ ஒசரத்துக்கு ஒரு கோலக் கையில புடிச்சிக்கிட்டு நிப்பா. சண்ட போடத் தெரியாது. அடிபட்டவங்களுக்கு மருந்து போடுவா, விழுந்தவங்கள எழுப்புவா. நானும் கூட வரேன்னு சொல்றா, பேரு அடிக்கிற பெட்டி வருது. அன்னிக்கு அவருக்கு லீவு, பக்கத்துல உக்காந்து எனக்குப் பலாச்சொள உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாரு, பண்ருட்டி வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தது. ரெண்டு பேரும் பேசல. அவரு கையத் தொடச்சிட்டு ஒரு எழுத்து அடிச்சாரு. நான் அவர ஒரு பார்வ பாத்துட்டு அடுத்த எழுத்து அடிச்சேன். நாங்க பொண்ணுதான் வேணும்னு பேசிக்கிட்டது உண்டு, பேரு பேசுனதே இல்ல. ஆனா ரெண்டு பேர் மனசுலயும் ஒரே பேருதான் இருந்திருக்கு. அவரு ஒண்ணு, நான் ஒண்ணுன்னு முடிச்சிட்டு, கன்ஃபர்மான்னு கேட்டப்ப சேந்து அமுக்குனோம். எங்கம்மா அடுப்படியிலேர்ந்து "என்னா அங்க சத்தத்தையே காணோம்?"னாங்க.

அதுலேர்ந்து நான் ஆடுனது உலகத்தக் காப்பாத்த இல்ல. அவள வளக்கத்தான். நல்ல கோலு, நல்ல செருப்பு எல்லாம் அவளுக்குத்தான் மொதல்ல. மாமா ஓட்டச் சட்டையோட நிப்பாரு. "என்னடி, எனக்கு ஒண்ணும் கெடையாதா?"ன்னு கேப்பாரு. "ஒங்களுக்கென்ன, தடி மாடு மாதிரி இருக்கீங்க"ம்பேன்.

எட்டாம் மாசம் பாதியில ஒதைக்கிறது நின்னு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயித்துல மெஷின வச்சு ரொம்ப நேரம் தேடுனாங்க. அப்புறம் மெஷின எடுத்துட்டு என் கையப் புடிச்சாங்க. புள்ளையப் பெத்துதான் ஆகணும், அழும்னு மட்டும் எதிர்பாக்கக் கூடாது. பெத்தேன். பொண்ணுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. காட்டுங்கன்னேன். பாக்கக் கூடாது, பாத்தா அடுத்தது தங்காதுன்னு எங்கம்மாவும் மாமியாவும் ஆளுக்கொரு கையப் புடிச்சிக்கிட்டாங்க. கத்துனேன். கத்தி என்ன பண்ண? துண்டுல சுத்தி அவரும் மாமனாரும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. கெடிலம் ஆத்துக் கரையில பொதச்சாங்களாம். பொம்பளைங்க அங்கெல்லாம் போறதில்ல. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் ஆச்சு. மல்லிப்பூவ வச்சு இறுக்கிக் கட்டுனாங்க, பால் வத்திடும்னு. இப்ப வரைக்கும் மல்லிப்பூ வாசன வந்தா நான் எழுந்து வெளிய போயிடுவேன்.

குறிஞ்சிப்பாடியில கெடந்துட்டுத் திரும்பி வந்தேன். அவரு ஷிஃப்டுக்குப் போயிருந்தாரு. கம்ப்யூட்டர் மறுபடியும் மேஜ மேல ஏறியிருந்துச்சு. போட்டேன். சேவ் பண்ணத எடுத்தா, மாமா இருக்காரு, வாள் வச்சிருக்கிறவன் இருக்கான், கெழவன் இருக்கான். பச்சச் சட்டக்காரியும் இருக்கா. பேரு மட்டும் வேற. அவளுக்கு அந்த ஜப்பான்காரன் மொதல்லயே வச்சிருந்த பேரு.

அந்தக் கேம்ல ஒரு துறைமுக ஊரு உண்டு. அங்க ஒரு தாடிக்காரன் உக்காந்திருப்பான், ஆளுங்க பேர மாத்தித் தருவான். அவரு அங்க போய் மாத்திட்டு, பழைய சேவ் மேலயே சேவ் பண்ணியிருக்காரு. வந்தவுடனே கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவுங்க அம்மாகிட்ட அழுதிருக்காரு, நாங்க பேரு வச்சிட்டோம்மான்னு. அதான்டா, பொறக்கிறதுக்கு முன்னாடி வச்சா நிக்குமா, போய் எடுத்துடுன்னு அவுங்க சொல்லியிருக்காங்க.

"நஞ்சுக்கொடி கீழ எறங்குனதுக்கும் நான் கேம்ல பேரு அடிச்சதுக்கும் என்னா சம்பந்தம்? டாக்டரம்மா சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சுடி. ஆனா அந்தப் பேரு அங்கயே இருந்தா உன்னால மறக்க முடியாதேன்னு..."

"மறக்கணும்னு யாரு கேட்டா?"

மறுநாள் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்தேன். பேர மாத்துனவரு அப்படியே ஆடிக்கிட்டே போயிருக்காரு, கடைசியா சேவ் பண்ணது எங்கயோ பாலவனத்துக்கு அந்தாண்ட. அங்கிருந்து துறைமுகத்துக்குத் திரும்பி நடக்கணும். வழி நெடுக தேளு, பாம்பு, மணலுக்கு அடியிலேர்ந்து வாயத் தொறக்குற என்னமோ ஒண்ணு. அடிச்சு அடிச்சு, விழுந்து எழுந்து, எங்களயெல்லாம் மருந்து போட்டு எழுப்புறது யாருன்னா அவதான், பேரு பறிபோன அந்தப் புள்ளதான். தாடிக்காரன்கிட்ட போயிட்டேன். பேர அடிச்சேன். கன்ஃபர்மும் அமுக்கிட்டேன். சேவ் பண்ற வட்டம் அதே ஊர்ல சத்திரத்துல. சத்திரத்து வாசல்ல கால வைக்கிறேன், கரண்டு போச்சு.

அந்த இருட்டுன ஸ்க்ரீன்ல என் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அடிவயித்துலேர்ந்து ஒரு அழுக வந்துச்சு பாருங்க, ஆஸ்பத்திரியில கூட அப்படி வரல. கீழ் வீட்டம்மா படியேறி ஓடியாந்தாங்க. "போயிட்டாக்கா, மறுபடியும் போயிட்டா"ன்னேன். அவுங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனா என் தலையத் தன் மடியில வச்சிக்கிட்டாங்க. கரண்டு வந்தப்புறம் திரும்பவும் பாலவனத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். அந்தத் தடவ சேவ் ஆயிடுச்சு. அந்தப் பேரு அங்க இருந்துச்சு. அவரு வந்து பாத்தாரு, அதத் தொடல. அதுக்கப்புறம் அந்தக் கேம் பக்கமே அவரு வரல.

நான் ஆடிக்கிட்டுதான் இருந்தேன். கடைசி ராட்சசன்கிட்ட மட்டும் போகவே இல்ல. அவன ஜெயிச்சா கத முடிஞ்சிடும், எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. எனக்கு உலகம் காப்பாத்தப்பட வேணாம். காட்டுல சுத்தி அந்த வவ்வாலையே அடிச்சு அவள வளத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு என் புள்ள மூஞ்சி தெரியாது. யாராச்சும் கேட்டா, எனக்குத் தெரிஞ்சது அந்தப் பச்சச் சட்டக்காரி மூஞ்சிதான். பைத்தியம்னு சொல்லிக்கோங்க, பரவால்ல.

ரெண்டாயிரத்துப் பத்துல மறுபடியும் முழுகாம இருந்தேன். இந்தத் தடவ ஒண்ணும் பேசல, ஒண்ணும் வாங்கல, கம்ப்யூட்டர் பக்கமே போகல. பொண்ணு பொறந்தா. அழுதா. அந்த அழுகைய இன்னும் கொஞ்ச நேரம் அழட்டுமே, நிப்பாட்டாதீங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னேன்.

பேரு வைக்கிறது சிதம்பரத்துல, மாமியா வீட்டுல. எங்க வழக்கத்துல புள்ளையோட அத்தைதான் காதுல மூணு தரம் பேரச் சொல்லணும். சொல்லிட்டா சொன்னதுதான், அப்புறம் எடுக்க முடியாது. என்னா பேருன்னு அவருகிட்ட கேட்டேன். "அம்மாவும் நானும் பாத்து வச்சிருக்கோம், உனக்குப் புடிக்கும்"னு கண்ணு கலங்கச் சிரிச்சாரு. ஜாதகத்துக்கு ஏத்த மாதிரி எதாச்சும் எழுத்தா இருக்கும்னு விட்டுட்டேன். என் நாத்தனா மடியில புள்ளைய வச்சிக்கிட்டு, வெத்தலையக் காது மேல மறச்சுப் புடிச்சு, குனிஞ்சு என்னமோ முணுமுணுத்தாங்க. எனக்குக் கேக்கல. நிமிந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னாங்க.

அந்தப் பேரு.

வீட்டுல இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் வாங்கித் திருப்பிச் சொன்னாங்க. ஒருத்தி கன்னத்தத் தட்டிக் கூப்பிட்டா, ஒருத்தி கொஞ்சிக் கூப்பிட்டா. மாமியா என் பக்கத்துல வந்து, "நீங்க ஆசப்பட்ட பேருதான் கண்ணு, நான்தான் அதையே வையுன்னு சொன்னேன்"னு என் கன்னத்தத் தடவுனாங்க. பாசமாத்தான் சொன்னாங்க. அதான் என்னால தாங்க முடியல. அடங்காத வாயின்னு ஊரே சொல்ற என் வாயி, அன்னிக்குத் தொறக்கல. என் காதுக்குள்ள கரண்டு போன மாதிரி எல்லாம் நின்னு போச்சு.

மறுநாள் மத்தியானம் புள்ள தூளியில தூங்குறப்பதான் அவரத் தனியாப் புடிச்சேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"நல்ல பேருடி. வீணாப் போகக் கூடாதுன்னுதான்..."

"வீணாப் போச்சுன்னு யாரு சொன்னா? அது அவளோடது. அவளுக்கு ஒரு சட்ட உண்டா, ஒரு தொட்டில் உண்டா, பெத்தவ நான் அவ மூஞ்சியையாச்சும் பாத்தேனா? அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கி இவளுக்குப் போட்டுட்டீங்களே."

அவரு தூளிக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

"நான் அவளத் தூக்கிட்டுப் போனவன்டி. குழியில வைக்கிறப்பப் பேரச் சொல்லி ஒரு தரம் கூப்பிடணும்னு இருந்துச்சு. அப்பா பக்கத்துல நிக்கிறாரு, வெட்டியான் நிக்கிறான். வாய் வரல. கூப்பிடாமயே மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன். நீ தெனமும் கம்ப்யூட்டர்ல அந்தப் பேரப் பாத்துக்கிட்டு இருந்த. எனக்கு அதப் பாக்க முடியாதுடி. எனக்குக் கூப்பிடணும். ஒரு தரமாச்சும் வாய்விட்டுக் கூப்பிடணும்."

இத்தன நாளா இதச் சொல்லவே இல்ல, பாவி மனுஷன். எனக்குத் திட்டவும் தெம்பு இல்ல. அவரு தோள்ல தலைய வச்சிக்கிட்டேன், ரெண்டு பேரும் சத்தம் வராம அழுதோம், புள்ள முழிச்சிக்கக் கூடாதேன்னு.

இப்ப சின்னவளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. அவரு ஷிஃப்டு முடிஞ்சு வந்து மாடிப்படிக்குக் கீழ நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. இவ என்னா பண்ணிக்கிட்டு இருந்தாலும் போட்டுட்டு ஓடுவா. அள்ளித் தூக்கித் தோள்ல போட்டுக்குவாரு. போட்டுக்கிட்டு, தெருவப் பாத்துக்கிட்டே இன்னொரு தரம் கூப்பிடுவாரு, அதே பேர, கொஞ்சம் மெதுவா. அவ அவரு மூஞ்சியப் புடிச்சுத் தன் பக்கம் திருப்பி, "இங்க இருக்கேம்ப்பா"ம்பா.